கூட ஒருத்தி

தலைப் பிரசவம் தாய் வீட்டில். இது நம் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடக்கும். கை நிறைய வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்.

ஏன் இந்த வழக்கம்? பிரசவம் என்றால் பயம். வலி. அந்த நேரத்தில் பெற்ற தாய் பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம். அதற்காகத்தான்.

ஆனால் இன்று பல பெண்களுக்குத் தாய் வீடு தூரத்தில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு ஊர் போகிறார்கள். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்தால் யார் கூட இருப்பது?

அப்படி ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது இருபது. தலைச்சன் பிள்ளை வயிற்றில். மாமியார் உயிரோடு இல்லை. அம்மா ஊரில் இருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தாவை விட்டு அவளால் வர முடியாது. புருஷன் செங்கல் சுமக்கிறான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை.

அந்தப் பெண் என்ன செய்வாள்?

யார் இந்த ஆஷா அக்கா?

ஒரு நாள் காலையில் கொட்டகைக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு பை. கையில் ஒரு பதிவேடு. அவளுக்குத் தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும்.

"இங்கே பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

அவள்தான் ஆஷா. அது அவளுடைய பெயர் அல்ல, அவள் செய்யும் வேலையின் பெயர். இந்தியில் ஆஷா என்றால் நம்பிக்கை என்று பொருள். 2005-ஆம் ஆண்டு தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கியது. அப்போது, ஆயிரம் பேருக்கு ஒரு பெண் என்ற கணக்கில், அந்தந்த ஊரிலிருந்தே ஆஷாக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2013-இல் நகரத்துக்கும் ஓர் இயக்கம் வந்தது. நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கும் ஆஷாக்கள் வந்தார்கள். இன்று நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் ஆஷாக்கள் இருக்கிறார்கள்.

ஆஷா டாக்டர் இல்லை. நர்சும் இல்லை. கர்ப்பிணி எங்கே இருக்கிறாள் என்று தேடிப் போவாள். ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவாள். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் வீடு தேடி வருவாள்.

வெளிநாடுகளில் இது போன்ற வேலையைச் செய்பவளை டூலா என்கிறார்கள். அது கிரேக்க மொழிச் சொல். பிரசவத்துக்கு முன்பும், பிரசவ நேரத்திலும், அதன் பிறகும் கூட இருந்து தைரியம் சொல்பவள் டூலா. அவள் மருந்து கொடுக்க மாட்டாள், பிரசவம் பார்க்கவும் மாட்டாள். நம் நாட்டுப் பெரிய நகரங்களில் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பேர்தான் புதிது. அக்காவும் அத்தையும் பெரியம்மாவும் காலம் காலமாக இதைத்தான் செய்து வந்தார்கள்.

பிரசவத்துக்கு முன்

ஆஷா அக்கா அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே தாய் சேய் அட்டை கொடுத்தார்கள். கர்நாடகத்தில் அதைத் தாயி கார்டு என்பார்கள். எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு எல்லாம் அதில் எழுதுவார்கள். பிரசவத்துக்கு முன் குறைந்தது நான்கு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். 2016 முதல், மாதா மாதம் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பார்க்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை ஆஷா அக்கா வந்தபோது மாத்திரை அப்படியே இருந்தது.

"ஏம்மா, சாப்பிடவில்லையா?"

"மலம் கறுப்பாகப் போகுது அக்கா. பயமாக இருக்கு."

"அது மாத்திரையால் வருவது. அதனால் கெடுதல் இல்லை. டீ குடிக்கும்போது சேர்த்துச் சாப்பிடாதே. டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. ராத்திரி சோறு சாப்பிட்ட பிறகு போடு."

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரியில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

பிறகு ஆஷா அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "வலி எடுத்தால் உன் கூட யார் வருவார்கள்?"

அந்தப் பெண் பதில் பேசவில்லை. பக்கத்துக் கொட்டகையில் ஓர் அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை. எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்கள். மூன்று பிள்ளை பெற்றவள். சித்தாள் வேலை செய்பவள்.

"நான் வருகிறேன். ஆனால் எனக்கு என்ன தெரியும்? மூணு பெத்தேன், அவ்வளவுதான்" என்றாள் அத்தை.

"அது போதும்" என்றாள் ஆஷா அக்கா. "மீதியை நான் சொல்லித் தருகிறேன்."

அத்தைக்கு எழுத்து தெரியும். ஊரில் இருந்தபோது இரவு வகுப்பில் கற்றுக்கொண்டது. ஆனால் தாயி கார்டில் இருப்பது கன்னட எழுத்து. அதைப் பார்த்துத் தயங்கினாள்.

"படம் இருக்கிறது, பார். எண்கள் இருக்கின்றன. எண் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றாள் ஆஷா அக்கா.

அத்தை விரல் வைத்துப் படித்தாள். எடை 46. தேதி 14. படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரத்தப் போக்கு. ஜன்னி. முகம் வீங்குதல். காய்ச்சல். இன்னும் சிலவற்றை ஆஷா அக்கா வாயால் சொன்னாள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல், வலி வரும் முன்பே பனிக்குடம் உடைதல். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.

வாசலில் நின்ற அத்தை

ஒரு நாள் சாயங்காலம் வலி எடுத்தது. 108-க்குப் போன் செய்தார்கள். வண்டி வந்தது. ஒரு பையில் பழைய பருத்திப் புடவைத் துணி, அட்டை, குடிக்கத் தண்ணீர். அதை அத்தை முன்பே கட்டி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறை வாசலில் ஒரு பணியாளர் நின்றார்.

"பெண் மட்டும் உள்ளே போகட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள்."

அத்தை திகைத்து நின்றாள். உள்ளே போகும்போது அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வெகு காலமாக நம் நாட்டில் இப்படித்தான் இருந்தது. வீட்டில் நடந்த பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அது நல்லதுதான். 2004 முதல் 2006 வரை இருந்த கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது 254 தாய்மார்கள் இறந்தார்கள். 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் அது 97 ஆகக் குறைந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூட இருந்த கை வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே பெண் தனியாகக் கிடந்தாள். வலியில் கத்தினால் திட்டு வாங்கினாள். இதற்குப் பயந்தே சிலர் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதித்தார்கள். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய அரசின் சுகாதாரத் துறை, நாடு முழுவதும் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணை இருக்கலாம் என்று சொன்னது. அதற்குச் சில விதிகள் உண்டு. துணைக்கு வருபவள் தானும் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். தொற்று நோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும். வலி தொடங்கியது முதல் முடியும் வரை கூடவே இருக்க வேண்டும். டாக்டர், நர்சு வேலையில் தலையிடக் கூடாது. பிரசவ அறையில் உள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது. மறைப்புக்கு வசதி உள்ள இடங்களில் கணவனும் இருக்கலாம்.

ஆஷா அக்கா இதை அத்தைக்குச் சொல்லியிருந்தாள். அத்தை சண்டை போடவில்லை. பணிவாகக் கேட்டாள்.

"நான் அவளுக்குப் பிரசவத் துணையாக வந்திருக்கிறேன். நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்."

பணியாளர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வெளியே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை பெற்றவளா? செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா."

எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படி உடனே கதவு திறக்காது. இடம் இல்லை என்பார்கள். ஒரே அறையில் நாலு பேர் வலியோடு கிடக்கும்போது அதுவும் உண்மைதான். ஆனால் இப்படி ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்தவள்தான் கேட்க முடியும்.

அந்த இரவு

தலைப் பிரசவத்தில் வலி பன்னிரண்டு மணி நேரம் கூட இருக்கும். சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். நர்சம்மாவுக்கு அன்று ராத்திரி பல பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. வருவார், குழந்தையின் நாடித் துடிப்பைக் கேட்பார், எழுதுவார், போய்விடுவார். அத்தை போகவில்லை.

அவள் என்ன செய்தாள்? பெரிதாக ஒன்றும் இல்லை. வலி வரும்போது உள்ளங்கையால் இடுப்பின் கீழ்ப் பக்கத்தை அழுத்தித் தேய்த்தாள். வலி விட்டதும் நெற்றியைத் துடைத்தாள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். படுத்தே கிடக்காமல் எழுந்து நடக்க வைத்தாள். மூத்திரம் போக நினைவூட்டினாள். மூத்திரப் பை நிறைந்திருந்தால் குழந்தையின் தலை இறங்கத் தடையாகும். ஆஷா அக்கா சொன்னது அவளுக்கு நினைவில் இருந்தது.

"அத்தை, என்னால் முடியாது. நான் செத்துப் போவேன்."

"முடியும் கண்ணு. இந்த வலி போயிடுச்சு பார். இனி வரப் போறது அடுத்தது. ஒவ்வொண்ணாப் பார்த்துக்கலாம். என் கையைப் பிடி. மூச்சை மெதுவா விடு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

கத்தாதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. நான் மூணு பெத்தேன், நான் கத்தினேனா என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அது துணை அல்ல.

இந்தக் கையும் இந்த வார்த்தையும் உண்மையில் பயன் தருமா? இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் செய்த ஆராய்ச்சி 1980-இல் வெளிவந்தது. சிக்கல் இல்லாமல் பிரசவித்த பெண்களைப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் ஆனது. முன்பின் தெரியாத ஒரு பெண் கூட இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவாக ஆனது. அது சிலரை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் அதன் பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த 26 ஆராய்ச்சிகளின் முடிவுகளை 2017-இல் சேர்த்துப் பார்த்தார்கள். விடாமல் துணை இருந்தால் வலி நேரம் சற்றுக் குறைகிறது. அறுவை செய்து குழந்தையை எடுப்பது குறைகிறது. வலி குறைக்கும் மருந்தின் தேவையும் குறைகிறது. அதனால் 2018-இல் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒரு துணை பிரசவத்தில் இருக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

காரணம் என்ன? பயத்தில் உடம்பு இறுகும். பயம் வந்தால் உடம்பில் சில சுரப்புகள் கூடும். அவை கருப்பை சுருங்கி விரிவதைத் தடுக்கும். பயம் குறைந்தால் உடம்பு தன் வேலையைச் செய்யும்.

நள்ளிரவுக்குப் பிறகு பனிக்குடம் உடைந்தது. அத்தை துணியைப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அப்போது உடனே நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும். தெளிவாக இருந்தாலும் அத்தை போய்ச் சொன்னாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 200 கிராம். இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவான குழந்தை. நர்சம்மா துடைத்து, தாயின் நெஞ்சில் துணி இல்லாமல் தோலோடு தோல் படுக்க வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தார்கள். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் முதல் பால்தான் சீம்பால். அதைப் பீய்ச்சிக் கொட்டுபவர்கள் இன்றும் உண்டு. நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் அதிகம்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் அத்தையின் வேலை முடியவில்லை. பிரசவத்தில் இறக்கும் தாய்மாரில் பலர் பிள்ளை பிறந்த பிறகு ரத்தப் போக்கினால்தான் இறக்கிறார்கள். எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. தாயை யாரும் பார்ப்பதில்லை. அத்தை அடிக்கடி துணியைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்து, மாற்றிய துணியும் நனைந்தால், உடனே கூப்பிட வேண்டும். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று தாய் சொன்னாலும் கூப்பிட வேண்டும். நல்ல வேளை, அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

செலவு? அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல், பிரசவம், மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம், அறுவை, தாய்க்குச் சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம்.

செய்யக் கூடாதது

துணைக்கு வருபவள் வயிற்றை அமுக்கக் கூடாது. சீக்கிரம் பிறக்கட்டும் என்று மேலிருந்து தள்ளுவார்கள். கருப்பை கிழிந்துவிடும். நர்சம்மா சொல்லும் முன் முக்கு முக்கு என்று சொல்லக் கூடாது. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு வலி ஊசி போடச் சொல்லக் கூடாது. அந்த ஊசியில் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். உள்ளே கை விட்டுப் பார்க்கக் கூடாது. அறுவை வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வேண்டாம் என்று பெண்ணின் மனசைக் கலைக்கக் கூடாது. ஏன் என்று கேட்கலாம். கேட்டு, அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி சொல்லலாம்.

ஐந்தாம் நாள்

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா ஆறு முறை வீட்டில் வந்து பார்க்க வேண்டும். 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்கள். வீட்டில் பிறந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை.

மூன்றாம் நாள் ஆஷா அக்கா வந்தாள். எடை பார்த்தாள். தொப்புளில் எதுவும் தடவாதீர்கள் என்றாள். எடை குறைந்த பிள்ளை என்பதால் ஒரு வாரம் குளிப்பாட்ட வேண்டாம் என்றாள். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைத்தாள்.

"ரெண்டும் கதகதப்பாக இருக்கா? இதுதான் சரி. பாதம் சில்லுன்னு இருந்தால் குளிர் பிடிக்குதுன்னு அர்த்தம். வயிறும் சில்லுன்னு ஆனால் ஆபத்து."

ஐந்தாம் நாள் ராத்திரி. மழை பெய்தது. தகரக் கொட்டகை குளிர்ந்து கிடந்தது. குழந்தை சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல பிள்ளை. சாயங்காலத்திலிருந்து அழவே இல்லை" என்றான் அப்பன்.

அத்தை தொட்டுப் பார்த்தாள். பாதம் சில்லென்று இருந்தது. வயிறும் சில்லென்று இருந்தது. காதைத் தடவி எழுப்பினாள். குழந்தை கண் திறக்கவில்லை. மார்பில் வைத்தாள். வாய் சப்பவில்லை.

"இது நல்லதில்லை. போன் பண்ணு" என்றாள்.

"விடியட்டுமே அத்தை. மழையாக இருக்கே."

"விடியற வரைக்கும் தாங்காது. 108-க்குப் பண்ணு."

வண்டி வரும் வரை அத்தை சும்மா இருக்கவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றி, தாயின் ஜாக்கெட்டுக்குள் மார்போடு மார்பாக நிமிர்த்தி வைத்தாள். தலைக்குக் குல்லா போட்டாள். மேலே போர்வை சுற்றினாள். கங்காரு என்ற விலங்கு தன் குட்டியைப் பையில் வைத்துச் சுமக்கும். அதைப் போல வைப்பதால் இதற்குக் கங்காரு முறை என்று பெயர். அடுப்போ வெந்நீர்ப் பாட்டிலோ வேண்டாம். தாயின் உடம்புச் சூடே போதும்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கிருமித் தொற்று என்றார்கள். ஒன்பது நாள் வைத்து ஊசி போட்டார்கள். ஒரு வயது வரை குழந்தைக்கு நோய் வந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். குழந்தை பிழைத்தது.

அழாத குழந்தை நல்ல குழந்தை என்பது பழைய பேச்சு. பச்சைக் குழந்தை பால் குடிக்காமல், அசையாமல் தூங்கினால் அது நோய். மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனாலும், மூச்சு விடும்போது நெஞ்சுக் குழி உள்ளே இழுத்தாலும், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளானாலும், ஜன்னி வந்தாலும் அப்படித்தான். ஓட வேண்டும்.

தாயை யார் கேட்பது?

பிள்ளை வீட்டுக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைக் கேட்டார்கள். பால் குடிக்கிறதா, யார் ஜாடை, பெயர் என்ன.

இருபத்தெட்டாம் நாள் ஆஷா அக்கா வந்தாள். "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். தூக்கம் இல்லை. பசி இல்லை. பிள்ளையைப் பார்த்தால் பாசம் வரவில்லை, பயம்தான் வருகிறது. நான் கெட்ட தாயா என்று கேட்டாள்.

பிள்ளை பெற்ற முதல் சில நாள்களில் காரணம் இல்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். பேய் பிடிக்கவில்லை. திமிரும் இல்லை. காய்ச்சல் போல இதுவும் ஒரு நோய், மருந்தும் பேச்சும் இதைக் குணமாக்கும். செத்துவிடலாம் என்றோ பிள்ளையை என்னவாவது செய்துவிடுவேன் என்றோ ஒரு தாய் சொன்னால், அவளை ஒரு நிமிடம் கூடத் தனியாக விடக் கூடாது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

ஆஷா அக்கா அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். புருஷனிடமும் பேசினாள்.

"ராத்திரியில் ஒரு தடவை பிள்ளைக்குத் துணி மாற்று. தண்ணீர் பிடித்து வை. அவள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும். இது உனக்கும் பிள்ளைதானே?"

அவன் முனகினான். ஆனால் செய்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் அத்தைக்கும் ஆஷா அக்காவுக்கும் சின்ன வாக்குவாதம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது, வயிறு போட்டுவிடும் என்றாள் அத்தை. கீரை ஆகாது, பழம் சளி என்றாள். தண்ணீர் குறைந்தால் பால் எங்கிருந்து வரும் என்று ஆஷா அக்கா கேட்டாள். பூண்டுக் குழம்பும் கருவாடும் கொடுங்கள், நல்லதுதான், கீரையும் முட்டையும் பழமும் கூடச் சேருங்கள் என்றாள். நாற்பது நாள் ஓய்வு என்பது நல்ல வழக்கம். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது கெட்ட வழக்கம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் கூட வேண்டாம். அத்தை பாதியை ஒப்புக்கொண்டாள்.

கூலி

ஆஷாவுக்கு மாதச் சம்பளம் என்று ஆரம்பத்தில் எதுவும் இல்லை. செய்த வேலைக்கு ஏற்ப ஊக்கத் தொகைதான். 2011-இல் வகுத்தபடி, ஒரு குழந்தையை 42 நாள் வரை வீடு தேடிப் போய்ப் பார்த்து முடித்தால் 250 ரூபாய். ஆறு முறை நடக்க வேண்டும். ஒரு முறைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது கொடுத்துப் பெருமைப்படுத்தியது. எங்களையும் ஊழியராக ஏற்றுக்கொண்டு நிலையான சம்பளம் கொடுங்கள் என்று ஆஷாக்கள் பல மாநிலங்களில் போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.

அத்தைக்கு அதுவும் இல்லை. அந்த இரவுக்காக மறுநாள் கூலி போனது. அந்தப் பெண் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டாள்.

எழுதிப் பழகுவோம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கர்ப்பிணி இருக்கிறாளா? கீழே உள்ளதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நிரப்புங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

பிரசவ தேதி: ............
போக வேண்டிய ஆஸ்பத்திரி: ............
ஆஷா அல்லது கிராம நர்சின் போன் எண்: ............
வண்டி: 108 அல்லது 102
ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர்: ............ ............
வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்: ............
கூட இருக்கப் போகிறவள்: ............

கடைசி வரியை நிரப்பும் முன் கர்ப்பிணியிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பெயரை எழுதுங்கள்.